சாந்த்ராகாச்சிக்குப் போகாத அழைப்பு

‘என்னங்க’ என்று ஒருமுறை கூப்பிட்டாலே திரும்பிப் பார்த்தவருக்கு,

கோபமாகத்தான் எழுதுகிறேன். நீங்கள் போய் இரண்டு வருடம் ஆன பிறகும் உங்கள்மேல் கோபப்பட எனக்கு உரிமை இருக்கிறது. இந்தக் கடிதத்தை நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் அச்சிடக் கொடுக்கிறேன். எல்லாரும் படிக்கட்டும்.

துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சி மொழி கற்றுக்கொண்டு, சங்கத்துக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தீர்களே, அழைப்பிதழ் உறைகளில் ஒட்டுவதற்கு முகவரிகளை அச்சடிப்பது, அதனால் வந்த வினை இது. உங்கள் காலத்தில் அதில் நம் லேக் மார்க்கெட் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் மட்டும் இருந்தன. இந்த வருடம் காளிகாட், சாந்த்ராகாச்சி குடும்பங்களையும் ஏற்றினார்கள். பொங்கல் விழாவுக்கு லேக் மார்க்கெட்டுக்கு மட்டுமே அழைப்பு போயிற்று. அச்சில் வந்ததை அப்படியே ஒட்டித் தபாலில் போட்டிருக்கிறார்கள். ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

விழா முடிந்த வாரம் சாந்த்ராகாச்சி ரயில்வே குடியிருப்பிலிருந்து பால்ராஜ் நம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“ரயில்வேகாரங்கன்னா உங்களுக்கு அவ்வளவு எளப்பமாம்மா? சாரு லேக் மார்க்கெட்டோட கேட்டைச் சாத்திட்டாராமே!”

“அவர் அப்படிச் செய்யக்கூடியவர் இல்லை.”

“அப்ப அந்த மெஷினாவே எங்கள வேண்டாம்னுடுச்சா?”

உங்களைப் பற்றி ஒருவர் அப்படிப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே சங்கத்தின் கம்ப்யூட்டரையும் கவனிக்கும் சுசித்ராவைக் கூப்பிட்டுத் திட்டினேன். நல்ல வார்த்தைகளில்தான் திட்டினேன். அதுதான் அதிகம் உறைக்கும்.

“நான் பேர் மட்டும்தான் ஏத்தினேன் ஆன்ட்டி. அங்கிள் எழுதினதத் தொடவே இல்ல. ஷொத்தி, சத்தியமா!”

“சத்தியம் வேண்டாம். காட்டு.”

உங்கள் அலமாரியிலிருந்த பழைய அச்சுத் தாள்களை மேஜையில் விரித்தோம். அவள் விரலை வைத்துக் காட்டினாள்.

“வெளிய இருக்கிற லூப், திரும்பத் திரும்ப ஓடற பகுதி, ஊர எண்ணுது. அதுக்குள்ள ஃபங்க்ஷன்னு ஒரு தனிப் பகுதி, அந்த ஊர்க் குடும்பங்கள எண்ணுது. ரெண்டும் i-ங்கற ஒரே எண்ணிக்கையத்தான் வச்சிருக்கு. உள்ள நாற்பது குடும்பம் எண்ணி முடிச்சதும் i நாற்பதாயிடுச்சு. வெளிய வந்து பார்த்தா ஊரே மூணுதான். மூணத் தாண்டியாச்சு, வேல முடிஞ்சுதுன்னு லூப் நின்னுடுச்சு.”

“முன்பு சரியாகத்தானே வந்தது?”

“அப்ப ஒரே ஊருதானே ஆன்ட்டி. முதல் ஊரோட நின்னா யாருக்குத் தெரியும்? அந்த ஃபங்க்ஷனுக்குள்ளயே int i-ன்னு ஒரு வரி, அதுக்குன்னு தனியா ஒரு i, போட்டிருந்தா போதும். அது உள்ளயே பொறந்து உள்ளயே முடிஞ்சிருக்கும், வெளிய இருக்கிற i-யத் தொடாது. அங்கிளுக்கு இதுகூடவா தெரியாது?”

தெரிந்திருந்தது. அந்த வரி அந்தத் தாளிலேயே, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அதன்மேல் சிவப்புப் பென்சில் கோடு. என் கோடு.

மாலையில் நீங்கள் தாளை நீட்டுவீர்கள். நான் புள்ளி, அடைப்புக்குறி எல்லாம் சரிபார்ப்பேன். நான் படித்த கான்வென்டில், சொன்னதையே திரும்ப எழுதினால் சிஸ்டர் கோடு போட்டு அடித்துவிடுவார். எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் மொழியில் ஓர் எழுத்து தெரியாது. ஆனாலும் ஓரத்தில் எழுதியிருக்கிறேன்: “ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தடவை போதும்.” அதன் கீழே உங்கள் கையெழுத்தில் ஒரே சொல். “சரி.”

எது சரி? திரைச்சீலையின் நிறத்துக்குச் சரி என்றீர்கள், போகட்டும். உங்களுக்குத் தெரிந்து எனக்குத் தெரியாத ஒன்றிலும் ஏன்? “கோமதி, உனக்கு இது புரியாது, கையை எடு” என்று சொல்லியிருந்தால் நான் இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன். அந்த இரண்டு நாளுக்குப் பயந்தா உங்கள் வேலையை நீங்களே கெடுத்துக்கொண்டீர்கள்? பயமா, பிரியமா? எதுவானாலும் எனக்குத்தான் அவமானம்.

சங்கத்தில் இப்போது பெருந்தன்மையாகப் பேசுகிறார்கள். “பெரியவர், வயசான காலத்துல ஏதோ தப்பா எழுதிட்டார், விடுங்க” என்கிறார்கள். இறந்தவர்மேல் பழியைப் போட்டுவிடுவது எவ்வளவு சுலபம்! சுசித்ராகூட, “நீங்க கோடு போட்டத நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் ஆன்ட்டி” என்றாள். பால்ராஜின் கேலியைவிட அந்தக் கருணைதான் என்னைச் சுட்டது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. வரவழைக்க நீங்கள் முயன்றதும் இல்லை.

அவள் அந்த வரியைத் திரும்பச் சேர்த்துவிட்டாள். மூன்று ஊரும் ஒழுங்காக அச்சாகின்றன. ஆனால் பால்ராஜ் உங்களைப் பற்றி நினைப்பதை எந்தப் புரோகிராம் மாற்றும்?

ஞாயிற்றுக்கிழமை சாந்த்ராகாச்சிக்குப் போகிறேன். இருபத்திரண்டு வீடு. அடுத்த ஞாயிறு காளிகாட். ஒவ்வொரு வாசலிலும் நின்று, “உங்களை விட்டது என் கணவர் அல்ல, நான்” என்று சொல்வேன். முட்டி வலிக்கும், வலிக்கட்டும். ஒரு வீட்டையும் விடமாட்டேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

உங்களை ஒருநாளும் எதிர்த்துப் பேசவிடாத மனைவி,
கோமதி