கல்விக் கண்காட்சிக்கு இரண்டாம் தடவை

தம்பி,

போன மாதம் மல்லிகா ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். புளி உதிர்த்துக்கொண்டிருந்த கையோடு அப்படியே ஓடி வந்திருந்தாள். பக்கத்து வீட்டு மல்லிகாதான். நீ சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துச் சுற்றிய குட்டிப்பெண் இப்போது பன்னிரண்டாவது முடிக்கப் போகிறாள். நோட்டீஸில் கறுப்புத் தொப்பி போட்ட பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். போளூரில் கல்விக் கண்காட்சி, உதவித்தொகை உண்டு என்று போட்டிருந்தது.

"போலாமாக்கா? போனா எதுனா கிடைக்குமா?" என்று கேட்டாள்.

அடுப்பில் களி இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அடுப்பை நான் மூட்டவே இல்லை.

நீயும் இப்படித்தான் ஒரு நோட்டீஸோடு வந்தாய். அப்பா காபித் தோட்ட வேலைக்குக் கர்நாடகா போயிருந்தார். இருக்கிற வேலையை விட்டுவிட்டு அங்கே போய் என்ன ஆகப்போகிறது என்று அம்மா கேட்டாள். நானும் இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் நீதான், "போயி வேடிக்கையாவது பாத்துட்டு வரலாம் வா" என்று என்னை இழுத்துக்கொண்டு முதல் பஸ் ஏறினாய்.

அந்தக் கல்யாண மண்டபம் முழுக்க மேசைகள். எல்லா மேசைக்குப் பின்னாலும் பெரிய பெரிய பேனர்கள். முழு உதவித்தொகை என்று எழுதியிருந்த இடத்தில் உட்கார்ந்தால், விடுதிக்கு இவ்வளவு, கட்டடத்துக்கு இவ்வளவு என்று மெதுவாக ஆரம்பித்தார்கள். "இலவசம்னு எழுதியிருக்கிற எடத்துலதான் செலவு ஜாஸ்தி சொல்றாங்கக்கா" என்று என் காதில் சொல்லிச் சிரித்தாய். கிளம்பிவிடலாம் என்று வாசல்வரை வந்துவிட்டோம். கதவோரம் இருந்த மேசையில் ஒரு அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். சென்னைப் பக்கத்துக் கல்லூரி. படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

"ஒண்ணே ஒண்ணு தம்பி. எந்தப் பரீட்சையிலயும் ஒரு பாடம்கூட பெயிலாகி நிக்கக் கூடாது. நின்னா உதவித்தொகையும் நின்னுடும்."

"நிக்க மாட்டேன்மா" என்றாய் உடனே. எனக்கும் அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. நீ எந்தப் பாடத்தில் நின்றாய்? அன்றைக்குப் பஸ் நிலையத்தில் போண்டா தின்றுகொண்டு நாம் சிரித்த சிரிப்பை எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

முதல் பொங்கலுக்கு வந்தபோது கடல் பார்த்த கதையைச் சொன்னாய். நம்ம மலையைப் படுக்கப் போட்ட மாதிரி இருந்தது என்றாய். அம்மா அதைக் கேட்டுவிட்டு, பயமாக இல்லையா என்றாள். மோட்டார், மின்சாரம் என்று ஏதேதோ சொன்னாய். எங்களுக்குப் புரியவில்லை. ஆனாலும் நீ பேசுவதை நிறுத்திவிடக் கூடாது என்று இருந்தது.

இரண்டாம் வருஷப் பரீட்சை சமயத்தில் போன் செய்தாய். சிக்னலுக்காக நான் ரோட்டுத் திருப்பம்வரை ஏறிப் போய் நின்றேன். உன் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருந்தது.

"லேசா ஜொரம்க்கா. இன்னும் ரெண்டு பரீட்சைதான். எழுதிட்டு வந்துர்றேன்."

"பரீட்சையும் வாணாம் ஒண்ணும் வாணாம். வூட்டுக்கு வந்துடு."

"ஒண்ணு நின்னாலும் எல்லாம் போய்டும்க்கா. மறந்துட்டியா?"

எழுதிவிட்டாய். கடைசிப் பரீட்சை எழுதி முடித்து வெளியே வந்தவனை உன் அறைத் தோழன்தான் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். நாங்கள் மலை இறங்கி வந்து சேர்ந்தபோது உனக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. டெங்கு என்றார்கள். முன்னாலேயே வந்திருக்கலாமே என்று டாக்டர் எங்களைத்தான் கேட்டார்.

நீ போனதற்கப்புறம்தான் ரிசல்ட் வந்தது. எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தாய். உன் தோழன் போனில் சொல்லிவிட்டு அழுதான். அம்மாவிடம் சொன்னேன். "அத இன்னாத்துக்கு எங்கிட்ட சொல்ற?" என்று கேட்டுவிட்டு விறகு பொறுக்கப் போய்விட்டாள். அந்த மண்டபத்தை மிதிக்காமல் இருந்திருந்தால் என் பிள்ளை இருந்திருப்பான் என்று யார் வந்தாலும் சொல்வாள். இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மல்லிகா விடவில்லை. மறுநாளும் வந்தாள்.

"நீ வரலன்னா எங்க வூட்ல வுடமாட்டாங்கக்கா. திருப்பூர் மில்லுக்கு ஆள் புடிக்கிறவன் வந்து அப்பாகிட்ட பேசிட்டுப் போயிருக்கான். பரீட்சை முடிஞ்சதும் அனுப்பிடுவாங்க."

அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை. கூட்டிக்கொண்டு போகவும் பயம், போகாமல் இருக்கவும் பயம். காலையில் சேலை மாற்றிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து நின்றாள்.

"இன்னொரு புள்ளயயும் கூட்டினு போறியா?"

"ஆமாம்மா."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

அதே மண்டபம்தான். இந்தத் தடவை செலவு எவ்வளவு என்று நான் எங்கேயும் முதலில் கேட்கவில்லை. "பரீட்சை நேரத்துல புள்ளைக்கு உடம்பு முடியாமப் போனா இன்னா பண்ணுவீங்க?" என்று மேசை மேசையாகக் கேட்டேன். ஒருவர் சிரித்தார். ஒருவர் போனில் விசாரித்துச் சொல்வதாக நம்பர் கேட்டார். உன் கல்லூரிக்காரர்களும் வந்திருந்தார்கள். அந்த அம்மா இல்லை, ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருந்தான்.

"அப்பிடி யாருக்கும் ஆனதில்லீங்களே" என்றான்.

"ஆச்சுங்க. என் தம்பிக்கு ஆச்சு."

அவன் எழுந்து நின்றுவிட்டான். தன் நாற்காலியை என் பக்கம் தள்ளி, "உக்காருங்கக்கா" என்றான். நான் உட்காரவில்லை. மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசி வரிசையில் ஒரு சின்னக் கல்லூரி. அங்கே இருந்த அம்மா நான் கேட்டதைக் கேட்டு யோசித்தார். "ஜொரத்தோட எழுத வேணாம்மா. டாக்டர் சீட்டு குடுத்தா அடுத்த தடவ எழுதலாம். உதவித்தொகை நிக்காது" என்றார். அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொன்னேன். முகம் சுளிக்காமல் கொடுத்தார். மல்லிகா நர்சிங் படிக்க ஆசைப்பட்டவள். அங்கே நர்சிங் கிடையாது, கணக்குப் பாடம்தான் கிடைத்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள். போண்டா வாங்கட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். மலை ஏறி முடிக்கும்போதுதான், "கணக்கே படிக்கிறேன்க்கா" என்றாள். அவளுக்குச் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். எனக்கும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். நான் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அப்புறம் முறத்தைப் பார்த்தபடியே கேட்டாள்:

"அங்க ஆஸ்பத்திரி கிட்டத்துல இருக்குதாமா?"

"இருக்குதாம்மா. கேட்டுட்டுதான் வந்தேன்."

அம்மா மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

கண்காட்சிக்குப் போகலாமா என்று மல்லிகாவுக்கு அடுத்து இன்னொரு பெண்ணும் வந்து கேட்டிருக்கிறாள். போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். நீ போனபிறகு எனக்கு மிஞ்சியது பயம்தான், தம்பி. ஒவ்வொரு மேசை முன்னாலும் அந்தப் பயத்தோடுதான் நின்றேன். அடுத்த வருஷமும் அதை எடுத்துக்கொண்டுதான் மலை இறங்குவேன்.

உன் அக்கா