இன்ஜினுக்குக் கொஞ்சம் விளக்கெண்ணெய்

அத்தான்,

நீங்கள் ஆற்றில் குளித்துவிட்டு வருவதற்குள், அண்ணனைக் கூப்பிட வண்ணார்பேட்டைக்குப் போகிறேன். சொதி மூடியிருக்கிறது. நாங்கள் வரும்வரை கை வைக்க வேண்டாம்.

அண்ணன் மஸ்கட்டிலிருந்து சுமந்துவந்த புல்வெட்டும் மிஷினின் இன்ஜினைக் கழற்றி, உங்கள் குட்டி பொம்மை விமானத்தில் மாட்டிவிட்டீர்கள். தோட்டத்தில் புல் இடுப்பளவு நிற்கிறது. அந்த ஆத்திரத்தில்தான் நேற்று, “நீங்க சரியான வெளக்கெண்ணெ” என்று ஏசினேன். அது வசவு, யோசனை இல்லை. அதைக் கேட்டுவிட்டா வீட்டு விளக்கெண்ணெயைப் பாட்டிலோடு எடுத்துப் பெட்ரோலில் கலந்தீர்கள்?

ஆனாலும் காலையில் இன்ஜின் ஓடிய சத்தம் அடுப்படிவரை கேட்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அண்ணனை நான் சமாளித்துக்கொள்கிறேன். சாயங்காலம் அவனுக்கு விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்டுங்கள்.

சித்ரலேகா

பி.கு.: வரும்போது விளக்கெண்ணெய் வாங்கி வருகிறேன். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, இன்னொன்றும் இருக்கட்டும்.