ஆறு வெந்நீர்த் தொட்டிகள்

செப்டம்பர் 14, சனி

என் வீட்டுக்காரர் ரெய்னோ கிரீன் பே கண்காட்சியிலிருந்து திரும்பிவிட்டார். எங்கள் அடுப்புக் கடைக்குப் புகைக்குழாய் மூடி வாங்கி வரச் சொல்லி அனுப்பினேன். மனிதர் ஆறு வெந்நீர்த் தொட்டிகளுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். குழந்தை குளிக்கும் தொட்டி இல்லை. ஒரு குடும்பமே இறங்கிக் கழுத்துவரை ஊறலாம்; மோட்டார், விளக்கு, குமிழி எல்லாம் உண்டு. புகைக்குழாய் மூடி மறந்துபோச்சாம்.

இந்த ஊரில் கார் இல்லாத வீடு இருக்கலாம், சௌனா இல்லாத வீடு கிடையாது. எங்கள் தாத்தாக்கள் பின்லாந்திலிருந்து அமெரிக்காவுக்கு, இந்தத் தாமிரச் சுரங்கத்துக்கு வந்ததும் முதலில் கட்டியது, விறகடுப்பில் கல்லைச் சுடவைத்து ஆவியில் வியர்த்துக் குளிக்கும் அந்த அறையைத்தான். குடியிருக்க வீடு அப்புறம்தான். அந்த அடுப்புகளை விற்றுத்தான் நானும் இவரும் இத்தனை காலமாகச் சாப்பிடுகிறோம். இங்கே போய் வெந்நீர்த் தொட்டி! கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை.

எதற்கு என்று கேட்டேன். "காலம் மாறுது, சைமா" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய தொப்பியை இன்னும் கழற்றாத மனிதர் சொல்கிறார்.

சாயங்காலம் சௌனா அடுப்பை மூட்டிவிட்டுக் கூப்பிட்டேன். "நீ போ. நான் அப்பறமா போய்க்கறேன்." போன மாதத்திலிருந்து இதே பதில்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து சனிக்கிழமை சௌனாவுக்குச் சேர்ந்தேதான் போவோம். உள்ளே பேசமாட்டோம், அது வேறு விஷயம். ஆனால் பக்கத்தில் இருப்பார். அது போதும் எனக்கு. இப்போது அதுவும் இல்லையா? என்ன செய்தேன் நான்?

கேட்கலாம். ஆனால் எங்கள் பின்லாந்து ஆட்களிடம் கேட்டுப் பதில் வாங்குவதைவிடக் கல்லிலிருந்து நார் உரிக்கலாம்.

அக்டோபர் 3, வியாழன்

தொட்டிகள் வந்து சேர்ந்தன. கடையின் முன்பக்கம் முழுக்க அவற்றுக்குத்தான். என் அடுப்புகள் பின்னால், பனி உருக்கும் உப்பு மூட்டைகளுக்குப் பக்கத்தில். பனி விழப் போகிறது, இனிமேல்தான் அடுப்புக்கு ஆள் வரும். வருகிறவர்கள் அடுப்பைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்தால் பரிசு கொடுக்கலாம்.

அக்டோபர் 5, சனி

தனியாகப் போனேன். தனியாக வந்தேன். அப்புறம் அவர் போனார்.

அக்டோபர் 16, புதன்

ஒரு தொட்டியில் நீர் நிரப்பிக் காட்சிக்கு வைத்திருக்கிறார் துரை. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. வாங்குவதற்கு இல்லை, சிரிப்பதற்கு. பனி அள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்ற ஓனி பெல்டோ விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "இதுல உருளக்கிழங்கு எப்பப் போடுவீங்க?" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். ரெய்னோ சிரிக்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்டோபர் 17, வியாழன்

ஓனியின் மனைவி லைலா காலையில் வந்து ஒன்று வாங்கிக்கொண்டு போனாள். கிழங்கு வேகவைக்கப் போகிறாளோ என்னவோ.

நவம்பர் 15, வெள்ளி

மான் வேட்டை இன்று ஆரம்பம். ஊரில் ஆண்பிள்ளை ஒருவர்கூட இல்லை. ரெய்னோவும் காட்டுக் குடிசைக்குப் போய்விட்டார். இந்த வருடம் துப்பாக்கியை எடுக்கவில்லை, காபிப் பாத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். மான்கள் பிழைத்தன.

அந்த நேரம் பார்த்து லைலா ஃபோன் செய்தாள். தொட்டி உறுமுகிறதாம், நுரை கக்குகிறதாம். விற்றவர் வேட்டையில், பழுது பார்க்க விற்றவரின் பெண்டாட்டி போக வேண்டும். ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டவர் அவர், குடையுதே என்று கத்த வேண்டியவள் நான். வழிகாட்டிப் புத்தகத்தை வண்டியில் வைத்துப் படித்துக்கொண்டே போனேன்.

போய்ப் பார்த்தால், படி தெரியாத அளவுக்கு நுரை. வடிகட்டியைத் திறந்தேன். கை கையாகப் பிர்ச் மர இலை.

இலைக்கொத்தை எடுத்துக்கொண்டு தொட்டிக்குள் இறங்கியிருக்கிறார்கள் இரண்டு பேரும்! சௌனாவில் செய்வது போல முதுகில் மாறி மாறி அடித்துக்கொண்டு, அப்புறம் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்திருக்கிறார்கள். உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது இந்தப் பழுது வருமா? புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம் இல்லை.

"சோப்பு போடாம எதுக்கு சைமா தண்ணிக்குள்ள எறங்கணும்?" என்று லைலா கேட்டாள். நியாயமான கேள்விதான்.

வேட்டைக்குப் போகாமல் முதுகுவலி என்று வீட்டில் இருந்த ஓனிக்கு வேறு புகார். "சௌனால ரெண்டு பேரும் அடுப்பப் பாத்து உக்காருவோம். இந்தக் கருமத்துல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துல்ல உக்கார வேண்டியிருக்கு. இவ பேச ஆரம்பிச்சுட்டா. போன வாரம் நானே பேசிட்டேன்னா பாத்துக்கயேன்." அதையும் பழுதுக் கணக்கில் சேர்த்துச் சரிசெய்து தரச் சொல்வார் போலிருந்தது.

டிசம்பர் 7, சனி

சௌனா முடிந்து கொல்லையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். வழக்கம்போல நான் வந்ததும் அவர் போனார். மூக்குக் கண்ணாடியை அங்கே உடை மாற்றும் அறையிலேயே விட்டது ஞாபகம் வந்து திரும்பப் போனேன்.

கதவைக் கொஞ்சம்தான் திறந்தேன். ரெய்னோ எனக்கு முதுகைக் காட்டி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கோட்டு, பூட்ஸ், தொப்பி எல்லாம் போட்டபடி. சூட்டறைக்குப் போகும் உள்கதவை ஒரு ஜாண் திறந்து வைத்து, நீள அகப்பையால் தண்ணீர் மொண்டு அடுப்புக் கல்மேல் வீசிக்கொண்டிருந்தார். ஸ்ஸ்ஸென்று சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு அகப்பை. பிறகு தொப்பியைக் கழற்றித் தலையில் வாளித் தண்ணீரைத் தடவிக்கொண்டார்.

சத்தம் போடாமல் கதவை மூடிவிட்டு வந்தேன். அந்தச் சத்தம் எனக்குக் கேட்கத்தான். ஈரத் தலை எனக்குக் காட்டத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார், அதுவும் நாலு மாசமாக.

என்னய்யா இது? என்கூட உக்காரப் பிடிக்கலன்னா சொல்லித் தொலைய வேண்டியதுதானே. ஆனா நான் இல்லாதப்பவும் உள்ள போகலையே. அப்ப என்னதான்—

உள்ளே வந்தார். "சூடு நல்லா இருந்துச்சு" என்றார். "ம்" என்றேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

எனக்குப் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 14, சனி

காட்சிக்கு வைத்திருந்த தொட்டியை ஓனியின் வண்டியில் ஏற்றி எங்கள் வீட்டுக் கொல்லையில் இறக்கச் சொன்னேன். ரெய்னோ திகைத்துப் போனார். விற்கிற சாமானை வீட்டில் வைத்துப் பார்க்காமல் எப்படி விற்பது என்று கேட்டேன். தொட்டி வியாபாரத்தை மூன்று மாதமாகக் கரித்துக்கொட்டியவள் இதைச் சொன்னதும், பாவம், நம்பிவிட்டார்.

சாயங்காலம் நான் தொட்டிக்குள் இறங்கின பிறகு சூட்டைக் குறைத்துக் குறைத்து வைத்தார். வெதுவெதுப்புக்கும் கீழே போனது.

"எதுக்கு இவ்வளவு கொறைக்கற?"

"போதும் இது."

எதிரெதிரே உட்கார்ந்தோம். பனி விழுந்துகொண்டிருந்தது. அவருக்குப் பார்ப்பதற்கு அடுப்பு இல்லை, என் முகம்தான் இருந்தது. ஓனி சொன்னது சரி, கருமம் பிடித்த சாமான்தான்.

"நீ சௌனாக்குள்ள போறதே இல்ல. நான் பாத்தேன்" என்றேன்.

எட்டிக் குமிழி மோட்டாரை அணைத்தார். பிறகு சொன்னார். ஆகஸ்டில் டாக்டர் பார்த்திருக்கிறார். இதயம் அந்தச் சூட்டைத் தாங்காதாம், இனிமேல் சௌனா கூடவே கூடாதாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் உட்காரலாமாம், அவ்வளவுதான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீயும் போறத நிறுத்திருவ."

நிறுத்தியிருப்பேன். அதனால் சண்டைக்குப் போனேன். "சரி, அதுக்கு ஆறு தொட்டியா? ஒன்னு வாங்கினா ஆகாதா?"

"ஒன்னு வாங்கினா ஏன்னு கேப்ப. ஆறு வாங்கினா வியாபாரம்னு நெனச்சுத் திட்டுவ, அதோட விட்டுருவ."

சிரித்துவிட்டேன். அடக்க முடியாமல் சிரித்தேன், அது எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. மடையன். என் மடையன். இதயம் சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாமல் ஒரு வியாபாரத்தையே ஆரம்பித்திருக்கிறார்.

பிப்ரவரி 1, சனி

ஒரு தொட்டிதான் பாக்கி. ஊர் சிரிப்பதை நிறுத்திவிட்டு வாங்க ஆரம்பித்துவிட்டது. வாரத்துக்கு இரண்டு முறை யார் வீட்டிலாவது இலை அள்ளுகிறேன். "சோப்பு கூடாது, இலைக்கொத்து கூடாது" என்று எழுதி ஒட்டித்தான் விற்கிறோம். யாரும் படிப்பதில்லை.

மத்தியானம் ஒருவர் வந்தார், ஏரிக்கு அந்தப் பக்கத்து மனிதர், அறுபது வயது இருக்கும். தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். வருகிறவர்கள் எல்லாம் எவ்வளவு சூடு ஏறும் என்றுதான் கேட்பார்கள். இவர், எவ்வளவு கம்மியாக வைக்கலாம் என்று கேட்டார்.

கையிலிருந்த விலைத்தாளைக் கீழே வைத்தேன். "வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

"தொட்டி வாங்கறதா?"

"அதில்ல."

தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றார். முகம் சிவந்துவிட்டது.

"போய்ச் சொல்லிட்டு வாங்க. ரெண்டு பேருமா வாங்க. அதுவரைக்கும் இத யாருக்கும் விக்க மாட்டேன்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். வண்டியை எடுக்காமல் வெகுநேரம் அதிலேயே உட்கார்ந்திருந்தார்.

ரெய்னோ பின்னாலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வந்த வியாபாரத்தைக் கெடுத்துவிட்டாயே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதவுக்குப் போய் 'மூடியிருக்கிறது' பலகையைத் திருப்பிவிட்டு, "சனிக்கிழமையாச்சே" என்று என் கோட்டை எடுத்துக் கொடுத்தார்.