லட்சத்து எண்பதாயிரம் ஓடிய வண்டி

ஞாயிறு, இரவு.

பெங்களூர் ராஜாஜிநகரில் பார்த்த காரை வாங்குவதா வேண்டாமா என்று இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை. லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. கூட வந்த மெக்கானிக் பாஷா போனட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "எல்லாம் ஹைவே ஓட்டம்ணா. இன்ஜின் கல்லு மாதிரி கீது, கண்ண மூடிக்கினு எடு" என்றான்.

விற்பவர் வயதான கன்னடக்காரர். "மகன் வண்டி. தினமும் துமகூருக்குப் போயி வந்துட்டு இருந்தான்" என்று எனக்காகத் தமிழில் சொன்னார். ஹாலில் மாலை போட்ட ஓர் இளைஞனின் படத்தைப் பார்த்ததால் மேலே கேட்கவில்லை. வண்டியில் உட்கார்ந்தேன். சீட்டை நகர்த்த வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியையும் திருப்பவில்லை. எல்லாம் என் அளவுக்கே இருந்தது.

ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தபோது அவர் மனைவி கேட்டில் நின்றிருந்தார். சாவியைக் கொடுத்துவிட்டு, "பர்தீனி அம்மா" என்றேன். நம் "வரேம்மா" மாதிரிதான். கிளம்பும்போது இந்த ஊரில் எல்லாரும் சொல்வது. அதற்கு யாரும் திருப்பிக் கேள்வி கேட்பதில்லை.

அந்த அம்மா என் முகத்தையே பார்த்து, "யாவாக பர்தீயா?" என்றார். எப்போது வருவாய்?

வாய் தவறி, "நாளே" என்று சொல்லிவிட்டேன். நாளைக்கு.

வேண்டாம் என்று போனில் சொல்லிவிடலாம். ஆனால் நாளை அவர் கேட்டில் நிற்பார். வாங்கினால், வண்டியோடு கிளம்பும்போது அவரிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்புவது? போகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.