தொண்ணூற்றொன்பதில் நின்ற ஆறு

ஜூன் 3
நான் புரோகிராம் எழுதிய வெள்ள எச்சரிக்கைச் சங்கு இன்று ஊதியது. ஆற்றோரம் மேலிருந்து கீழாக எட்டு இடத்தில் நீர்மட்டக் கருவி. எட்டு அளவும் காற்புள்ளி போட்ட ஒரே ஸ்ட்ரிங்காக, எழுத்துச் சரமாக வரும். அதைத் தனித்தனியாக ஸ்பிளிட் செய்து, எண்களாக்கி, அரே என்ற பட்டியலில் போட்டு, சின்னதிலிருந்து பெரிதாக சார்ட் செய்தால் கடைசியில் நிற்பதுதான் பெரிய அளவு. அது அபாய அளவான நூறைத் தொட்டால் சங்கு. சோதனைக்கு எட்டிலும் 120 போட்டேன். ஊதித் தள்ளியது. ஆபீஸே கைதட்டியது.

எட்டாவது கருவி பாலத்தடியில், அக்கா வீட்டுப் பக்கம். உடனே போன் செய்தாள். "உன் சங்கு என் அடுப்படி வரைக்கும் கேட்டுச்சுடா!"

ஜூன் 11
ஸ்கிரீனில் பெரிய அளவு 9 என்று வந்தது. முதல் கருவியில் 14 இருக்கிறதே?

சீனியரிடம் காட்டினேன். "கருவில தூசி போயிருக்கும், விடுப்பா." விட்டேன். ஆனாலும் மனசுக்குள் என்னவோ அரிக்கிறது.

ஜூன் 26
மழை.

ஜூன் 28
மழை விடவில்லை. அக்காவின் பக்கத்து வீட்டு டெய்லர், தையல் மெஷின்களை மாடிக்கு ஏற்றிவிடலாமா என்று கேட்டாராம். "எதுக்கு அவசரம்? என் தம்பி செஞ்ச சங்குண்ணே, ஊதட்டும், அப்பப் பாத்துக்கலாம்னு சொல்லிட்டேன்," என்று சிரித்தாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு ஏன் அந்த 9 ஞாபகத்துக்கு வந்தது?

ஜூன் 29
காலையில் 97. அப்புறம் 98. அப்புறம் 99. அதோடு சரி, அங்கேயே நிற்கிறது.

"பாத்தியா, ஆறே நம்ம பேச்சக் கேக்குது," என்றார் சீனியர். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடம் தெரியாத அளவுக்குக் கொட்டுகிறது. இப்படிக் கொட்டும்போது ஆறு எப்படி நிற்கும்?

மதியம். வந்த ஸ்ட்ரிங்கை அப்படியே திறந்து பார்த்தேன். 131, 126, 118, 112, 104, 101, 99, 88.

எண்ணாக மாற்றிக் கொடுத்தாலும் இந்தப் பாழாய்ப்போன ஜாவாஸ்கிரிப்ட் மொழி, ஒப்பிடும் விதத்தை நாம் சொல்லித் தராவிட்டால், எழுத்தாக நினைத்துத்தான் அடுக்கும். முதல் எழுத்தைப் பார்க்கும். 9 பெரிது, 1 சின்னது. 131 முன்னால் போய்விடும், 99 கடைசியில் நிற்கும். அன்றைக்கு எட்டிலும் ஒரே 120. மாற்றி அடுக்க அங்கே என்ன இருந்தது? அந்த 9-ஐக் கண்டபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

அப்படியென்றால் எட்டுக் கருவியும் நூறைத் தாண்டினால்தான் சங்கு ஊதும். அதாவது அக்கா வாசலுக்குத் தண்ணீர் வந்த பிறகு.

ஒரே வரி. திருத்தினேன். ஊதியது. அந்தச் சத்தத்திலேயே அக்காவுக்கு போன் போட்டேன்.

"அக்கா, கெளம்பு."

"இப்பத்தானேடா ஊதுது? டைம் இருக்குல்ல?"

"இல்லக்கா... அந்த டைமெல்லாம் எப்பவோ போயிடுச்சு. பிள்ளைங்களத் தூக்கிட்டு ஓடு. அப்படியே ஓடுக்கா!"

லைன் அறுந்தது.

ஜூன் 30
அக்காவும் பிள்ளைகளும் எங்கள் வீட்டில். நனைந்த துணியோடு வந்தார்கள். கடவுளே.

ஜூலை 2
டெய்லரின் உடலைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கண்டெடுத்தார்கள். சங்கு கேட்ட பிறகுதான் மெஷினைத் தூக்கப் போனாராம். நேரம் இருக்கிறது என்று நம்பியிருக்கிறார்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த 9 உட்பட. திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். "அவர் கேட்டப்ப நாந்தான்டா பொறுங்கன்னு சொன்னேன்," என்றாள்.

ஜூலை 20
மறுபடியும் சோதனை. இந்த முறை எட்டு இடத்துக்கும் வெவ்வேறு அளவு கொடுத்தோம். எல்லாம் சரி. சங்கை ஊதும் வேலையை சீனியரிடம் விட்டுவிட்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். எங்கள் வீடு வரை நன்றாகவே கேட்டது.

அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழாயைக்கூட மூடாமல் சின்னவளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

"அக்கா, டெஸ்ட்டுதான்."

"தெரியும்," என்றாள். ஏறுவதை நிறுத்தவில்லை.