கழுத்திலிருந்து பின்னும் ஸ்வெட்டர்

அன்புள்ள தமயந்திக்கு,

கோத்தகிரியில் நீயும் மித்ராவும் சுகம்தானே? உன் இருமல் விட்டதா? நான் நன்றாக இருக்கிறேன்.

மூன்று நாளாக மழை, கொழுந்து எடுக்கவில்லை. அறைக்குள் சும்மா உட்கார முடியவில்லை. சிரிக்காதே, மித்ராவுக்குப் பட்டன் ஸ்வெட்டர் பின்னுகிறேன். பக்கத்து வீட்டுக் கத்தரீன்தான் சொல்லிக்கொடுத்தாள்.

"கழுத்துலேர்ந்து கீழ பின்னிக்கிட்டே போலாம்லா. தனித்தனியா பின்னித் தைக்க வேணாம்ண்ணே. அப்பப்ப பிள்ளைக்குப் போட்டுப் பாத்தா போதும்," என்றாள்.

இங்கே பிள்ளைக்கு எங்கே போவேன்? நேற்று அவள் மகள் சோஃபியாவுக்குப் போட்டுப் பார்த்தோம். அவளுக்கும் நம் மித்ராவைப் போல நான்கு வயதுதான். தோளிலேயே நின்றுவிட்டது. விமானம் ஏறிய அன்று நான் தூக்கி வைத்திருந்த பிள்ளையின் அளவில் பின்னியிருக்கிறேன். போனில் முகம் மட்டும்தானே தெரிகிறது. கத்தரீன் சிரித்தாள், நானும் சிரித்தேன். எல்லாவற்றையும் பிரித்துவிட்டேன்.

ஒரு நூலால் மித்ராவின் மார்பையும் கையையும் அளந்து, அந்தந்த இடத்தில் முடிச்சுப் போட்டு, கவரில் வைத்து அனுப்பு.

எஸ்டேட் லோரி வந்துவிட்டது. அதில் தானா ராத்தா டவுனுக்குப் போகும் மகேனிடம் இதைத் தபாலில் போடக் கொடுக்க வேண்டும். அளவைக் கொஞ்சம் தாராளமாகவே எடு. லீவு எப்போது என்று மேனேஜர் இன்னும் சொல்லவில்லை.

உன்
சிவநேசன்