பள்ளங்கியிலும் இல்லாத, மஸ்கட்டிலும் இல்லாத குழம்பு

தங்கமான என் பொன்னக்காவுக்கு, உன் பழனிக்காரி எழுதுவது.

வேறு யாராவது வந்து உன் காதில் போடுவதற்குள் நானே ஒத்துக்கொள்கிறேன். கொடைக்கானலில் ஃபேன் போட்டுக்கொண்டு தூங்குகிறேன். தலைக்குக் குல்லா, காலுக்கு சாக்ஸ், மேலே இரண்டு கம்பளி, பக்கத்தில் ஃபேன். காற்று பட்டால் விறைத்துப் போவேன் என்று அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன். எனக்கு வேண்டியது சத்தம் மட்டும்தான். மஸ்கட்டில் நம் அறையில் அந்தப் பழைய ஏசி வண்டு மாதிரி கத்தும், அதற்கு மேலே நீ குறட்டை விடுவாய். அதிலேயே தூங்கிப் பழகிய காது, உன் ஊர் அமைதியில் பயந்துபோய்விட்டது. குறட்டை கடையில் விற்கவில்லை. ஃபேன்தான் கிடைத்தது. அதற்கும் வத்தலக்குண்டு வரைக்கும் இறங்க வேண்டியிருந்தது.

உன் மகள் ரேவதி பார்த்துவிட்டாள். "ஆன்ட்டி, கெஸ்ட் யாரும் பாத்துறாம உள்ள தள்ளி வைங்க. ரூமுக்கு ரூம் ஃபேன் கேப்பாங்க" என்றாள். சிரிக்கக்கூட இல்லை. உன் வயிற்றில் பிறந்துவிட்டு எப்படி அக்கா சிரிக்காமல் இருக்கிறது அது?

ஆமாம், உன் மலைக்கே வந்துவிட்டேன். நாம் வேலை பார்த்த வீட்டுக் கிழவியம்மா கண்ணை மூடியதும், பிள்ளைகள் வீட்டைப் பூட்டிவிட்டு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். நீ சமைத்த அடுப்பைக் கடைசியாகத் துடைத்தது நான்தான். நீ லீவு என்று கிளம்பி, ஆஸ்பத்திரியில் படுத்து, அப்படியே போய்ச் சேர்ந்தபோது எனக்கு லீவு தரவில்லை. உன் முகத்தைப் போனில்தான் பார்த்தேன். அதுவும் பாதியில் நெட் நின்று போனது. நின்ற படத்தில் உன் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. என்னை ஏதோ கேலி பேச வருகிறாய் என்றே பட்டது. என்ன சொல்ல வந்தாய்?

முதலில் பழனிக்குத்தான் போனேன். அடிவாரத்தில் தம்பி பஞ்சாமிர்தக் கடையை நன்றாகவே நடத்துகிறான். தினமும் விருந்துதான். கொண்டுபோன சென்ட்டும் பால்பவுடரும் தீர்ந்த பிறகு, "மதினி, எப்ப திரும்பிப் போறீங்க?" என்று தம்பி பெண்டாட்டி ஆசையாகக் கேட்டாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். வந்தவள் போவாள் என்று அவர்களைப் பழக்கியதே நான்தானே. லீவுக்கு வருகிறவளாகவே இருந்துவிட்டேன், தங்குகிறவளாக எப்படி இருப்பதென்று எனக்கே தெரியவில்லை.

அப்போதுதான் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். பழனியிலிருந்து பார்த்தால் உன் மலை நீலமாகத் தெரியும் இல்லையா? அதைப் பார்த்தே வளர்ந்தவள், இந்த வயது வரைக்கும் அதில் ஏறியதில்லை. ஆனால் நீ சொல்லிச் சொல்லி, நீ பிறந்த பள்ளங்கியில் எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதுகூட எனக்குத் தெரியும். பஸ் ஏறிவிட்டேன். பெருமாள்மலை வருவதற்குள் இரண்டு தடவை வாந்தி. "டூரிஸ்ட்டாம்மா?" என்று பக்கத்து சீட்டுக்காரி கேட்டாள். "இல்ல, குடிவாறேன்" என்றேன். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு சொன்னதால் அவள் நம்பவில்லை.

ரேவதி நாலு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறாள். சமையல், துணி, கணக்கு எல்லாம் அவள் ஒருத்திதான். கைக்குக் கை இருக்கட்டும் என்று பின்பக்க அறையை எனக்குக் கொடுத்தாள். "சீசன் முடியற வரைக்கும் கிச்சன்ல ஒத்தாசையா இருங்க ஆன்ட்டி. அதுக்கப்புறம் பாக்கலாம்." அந்தப் 'பாக்கலாம்' தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. மஸ்கட் கதவு அடைத்துவிட்டது. பழனியில் விருந்தாளி. இங்கேயும் வேண்டாம் என்றால் எந்த பஸ்ஸில் ஏறுவது?

நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று உன் புராணத்தைத் தினமும் எடுத்துவிட்டேன். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்புறம்தான் புரிந்தது. ஒரு நாள் இரண்டு பேரும் பெட்ஷீட் உதறிக்கொண்டிருந்தோம். "உங்கம்மாவும் இப்படித்தான், உதறுற உதறுல என் மூஞ்சியில அடிக்கும்" என்றேன்.

அவள் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "எங்கம்மா துணி ஒதறி நான் பாத்ததில்ல ஆன்ட்டி. உங்களுக்குப் பதினெட்டு வருசம் கெடச்சுச்சு. எனக்கு லீவுதான் கெடச்சுச்சு."

அவளுக்குச் சேர வேண்டிய உன்னை நான் உட்கார்ந்து தின்றுவிட்டு வந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து உன் பேச்சை எடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நான் இருந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். பார்த்தாலும் நம்பியிருக்கமாட்டாய்.

வாயால்தான் முடியவில்லை, கையாலாவது ஏதாவது செய்யலாம் என்று யோசித்தேன். பிறந்த வீட்டு ருசியில் நீ வைக்கிற பூண்டுக் குழம்பை வைத்துக் கொடுத்தால் பிள்ளை மனசு இளகும். கருக்கக் காய்ந்த எலுமிச்சையை ஓட்டை போட்டு உள்ளே போட்டு, புளியே இல்லாமல் வைப்பாயே, அது. "எங்க மலையில புளி காய்க்காதுடி. அதனால எலுமிச்சையக் காயப்போட்டுத்தான் காலங்காலமா கொழம்பு வைக்கிறோம். இந்த அரபிக்காரங்க நம்மளப் பாத்துத்தான் கத்துக்கிட்டிருப்பாங்க" என்று நீ சொன்னதை நான் வேதவாக்காக நம்பினேன். அது உன் ஊர்ப் பண்டம், உன் ஊரில் கிடைக்காமலா போகும் என்று மஸ்கட்டிலிருந்து வாங்கிக்கூட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே சந்தைக்குப் போனேன். காய்ந்த எலுமிச்சை என்று கேட்டால் ஊறுகாயை நீட்டுகிறார்கள். "ஊறுகா இல்லைங்க, நல்லாக் கருத்து, கல்லு மாதிரி காஞ்சிருக்கணும். கொழம்புக்குங்க" என்றேன்.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கண்ணு படாம இருக்கக் கட்டுன எலுமிச்ச ஒண்ணு கடை வாசல்ல தொங்குது. நல்லாத்தான் காஞ்சிருக்கு. அத அவுத்துத் தரவா? மொளகாயும் சேந்தே வரும்."

பக்கத்துக் கடை வரைக்கும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். மலைக்கார இளசுகளுக்குப் பழைய பழக்கம் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன், பார்த்துக்கொள். கடைசியில் என் பெட்டியைக் கிளறினால், ஞாபகத்துக்கென்று எடுத்து வந்த உன் பழைய சமையல் துண்டில் முடிந்தபடி நாலு எலுமிச்சை கிடந்தது. நீ முடிந்த முடிச்சு. அவிழ்க்க மனசு வரவில்லை. ஆனாலும் அவிழ்த்தேன்.

அன்றைக்குப் பார்த்து உன் அண்ணன் பள்ளங்கியிலிருந்து பூண்டு மூட்டையோடு வந்து இறங்கினார். உன் மகளை வளர்த்த மனுசன், சாட்சிக்கு இவரைவிட யார் வேண்டும் என்று எனக்கு ஒரே குஷி. இரண்டு பேருக்கும் இலை போட்டு, சோற்றைக் குவித்து, குழம்பை ஊற்றினேன். உன் அண்ணன் கரண்டியால் துழாவி ஒரு எலுமிச்சையைத் தூக்கிப் பார்த்தார்.

"இதென்னத்தா, கரிக்கட்டையா கெடக்கு?"

"என்னண்ணே தெரியாத மாதிரி கேக்குறீங்க. உங்க ஊருப் பூண்டுக் கொழம்புதான."

"எங்க ஊருலயா? புளிய ஊத்தாம பள்ளங்கியில எவளும் கொழம்பு வைக்கமாட்டா. வச்சா மாமியாகாரி சட்டியோட தூக்கி எறிஞ்சிருவா."

"புளி மலையில காய்க்காதுன்னு பொன்னக்கா சொல்லுச்சுங்களே."

"காய்க்காதுதான். அதுக்கு? உப்பும் மலையில காய்க்காது. கீழ போயி வாங்கிட்டு வாறோம்ல."

எனக்கு முகம் செத்துப் போனது. ரேவதி பக்கம் பார்க்கவே பயமாக இருந்தது. அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "மாமா, இது அம்மா கொழம்பு. லீவுக்கு வாறப்பல்லாம் இந்தக் காய்ஞ்ச எலுமிச்சயக் கொண்டாந்து வச்சுத் தரும். நான் அங்கயே அடுப்படியில ஒக்காந்திருப்பேன். ஆனா எங்கிட்ட வேற மாதிரில்ல சொல்லுச்சு. மஸ்கட்டுல வீட்டுக்கு வீடு பூண்டுக் கொழம்பு இப்படித்தான்னு."

"மஸ்கட்டுல பூண்டுக் கொழம்பா?" என்றேன். "அங்க கொழம்புங்கிற பேச்சே கெடையாதே தாயி."

மூன்று பேரும் சட்டியைப் பார்த்தோம். அங்கே இருந்தபோது இதை ஊர்க் குழம்பு என்றாய். ஊருக்கு வந்தால் மஸ்கட் குழம்பு என்றாய். இரண்டு பக்கமும், கேட்கிறவர் போய்ப் பார்க்க முடியாத இடத்தைக் காட்டியே இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறாய். நானாகக் கண்டுபிடித்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்து போயிருப்பாய்? கேலி பண்ணத்தான் சொன்னாயா, இல்லை, நீ எங்கே இருந்தாலும் மற்ற இடத்தின் வாசம் கொஞ்சம் வேண்டியிருந்ததா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

உன் அண்ணன்தான் முதலில் சிரித்தார். "சின்னதுலயே இப்படித்தான். கருப்பட்டியத் தின்னுபுட்டு பூனை தின்னுச்சும்பா." சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார்.

அவர் பஸ்ஸுக்குப் போன பிறகு ரேவதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளாகவே வந்தாள் அக்கா. "அங்க வெயில்ல செருப்பு ரோட்டோட ஒட்டிக்கிரும்னு சொல்லும். அது நெசமா?"

"அது நெசந்தான். என்னோடதே ஒட்டிருக்கு. உங்க வீட்டுக்குள்ள மேகம் வந்துரும், வெளக்கமாத்தால கூட்டித்தான் வெளிய தள்ளணும்னு எங்கிட்ட சொல்லுச்சு. அது?"

"பாதி நெசம். மேகம் வரும். யாரும் கூட்டமாட்டாங்க."

அப்போதுதான் சிரித்தாள். மேல் உதட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, அப்படியே உன் சிரிப்பு. இருட்டும் வரை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தோம். அவளிடம் சொன்னதெல்லாம் அந்த ஊர், என்னிடம் சொன்னதெல்லாம் இந்த ஊர். பாதி அவளிடம் இருந்தது, பாதி என்னிடம் இருந்தது. ஒட்டிப் பார்த்தால் நீ வருகிறாய்.

மழை இறங்கியதும் சீசன் முடிந்தது. நாலு அறையும் காலி. சொன்ன சொல் சொன்னதுதானே என்று நான் பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன். ரேவதி வாசலில் நின்று பார்த்தாள்.

"பெட்டி எதுக்கு?"

"சீசன் முடிஞ்சிருச்சுல்ல. பாக்கலாம்னு சொன்னியே."

"பூஜா லீவுக்குக் கூட்டம் வரும். அதுக்கப்புறம் கிறிஸ்மஸ். பெட்டியப் பரண்ல போடுங்க, எடத்த அடைக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவுதான் பேச்சு. நான் பரண்மேல் போட்டேன். கீழே இறங்கிக் கொஞ்சம் அழுதேன். பெட்டி கனம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன் அக்கா. உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம், தினம் ஒன்றாக, அவள் கேட்கிறபோது மட்டும் சொல்வேன். ஒன்றுகூட எனக்கென்று ஒளித்து வைத்துக்கொள்ளமாட்டேன். கிழவியம்மாவின் பூனையை நீ தமிழில் வைத வசவுகளை மட்டும் விட்டுவிடுகிறேன். பிள்ளை இன்னும் கல்யாணம் ஆகாதவள்.

வேறு சேதி ஒன்றும் பெரிதாக இல்லை. நேற்று காலையில் கோயம்புத்தூர்க்காரர்கள் ஆறு பேர் தங்கியிருந்தார்கள். உன் மகள் மாடியிலிருந்து, "சித்தி, அடுப்பப் பாருங்க" என்று கத்தினாள். யாரோ அவளுடைய சித்தி ஊரிலிருந்து வந்திருக்கிறாள் என்று நினைத்து, நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாங்க என்று சொல்ல வாசலுக்குப் போனேன். வாசலில் யாரும் இல்லை. "சித்தி, சித்தி" என்று இன்னும் இரண்டு தடவை கேட்டது. இரும்பு கேட்டுக்கு வெளியிலும் போய்ப் பார்த்தேன். பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. ஆறு பேரும் பிரெட் சாப்பிட்டார்கள்.

இப்படிக்கு,
உன் கூடப் பிறக்காத தங்கச்சி, உன் மகளுக்குச் சித்தி,
சரசு